பின்கூடத்துக் கதவு

அவ்விருவருக்கும் இடையே முதன்முதல் நிகழ்ந்த உரையாடலில் குரல் என்பதே இல்லை. நெசவாலையின் கண்ணாடிச் சாளரத்துக்கு வெளியே அவன் நின்றான். உள்ளே, ஓரத்துத் தறியின் அருகில், அறுந்த இழையை விரல்நுனியால் முடிந்துகொண்டு அவள் நின்றாள். விசைத்தறிகள் எல்லாம் ஒருங்கே அறைந்து எழுப்பும் பேரொலியில், பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கூவினாலும் செவியில் ஏறாத அக்கூடத்தில், பெண்கள் குரலைக் கைவிட்டு இதழ்களாலேயே பேசிப் பழகியிருந்தனர்; ஒவ்வொரு சொல்லையும் வாய் அகலத் திறந்து, குவித்து, விரித்து, எதிரில் இருப்பவள் கண்ணால் கேட்கும்படி வடித்துக் கொடுப்பர். வாயிற்காவலனாகப் புதிதாக அமர்ந்த அவன், அப்பேச்சைச் சாளரத்துக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, ஒரு மாலைப்பொழுதில் அவளை நோக்கி ஒலியின்றி இதழசைத்தான்.

"நான் சொல்றது புரியுதா?"

அவள் நிமிர்ந்தாள். "புரியுது. ஆனா மாடு அசை போடுற மாதிரி இருக்கு," என்று அவளும் ஒலியின்றியே விடையிறுத்தாள்.

"அப்ப நீயே கத்துக்குடு."

தறிக்கூடம் முழுதும் இருந்த பெண்கள் அதைக் கண்ணால் கேட்டனர். கூடம் முழுதும் சிரித்தது. தறிகளின் ஓசையில் அச்சிரிப்பும் ஒருவர் செவிக்கும் எட்டவில்லை. அன்றுமுதல் அவனுக்குச் 'சாளரத்துக்காரன்' என்ற பட்டப்பெயர் நிலைத்தது. அவளை, தறி நின்ற இடம் நோக்கி, 'ஓரத்தறியாள்' என்று முன்னமே அழைத்து வந்தனர்.

அன்புடையீர், இக்கதை அந்தச் சிரிப்பில் தொடங்கியதேயன்றி அதில் முடிவதன்று. பல்லாண்டுகள் கழிந்த ஒரு விடியற்காலையில் அதே ஆலையின் வாயிலுக்கு வருக. ஆற்றின்மேல் எழுந்த மூடுபனி, கரையேறி, சாயநீர் ஓடும் கால்வாயைக் கடந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பன போன்ற சிறுவீடுகளின் ஓடுகளைத் தடவி வந்து, ஆலையின் நெடுமதிலில் முட்டித் தயங்கி நின்றது. மதிலுக்கு மேலே, எரிந்து முடிந்த பந்தத்தின் காம்பு போலப் புகைபோக்கி கறுத்து நின்றது. அதிலிருந்து புகை எழவில்லை. ஆலைச்சங்கு தன் வழக்கப்படி ஊதியது. அச்சங்கொலிக்கு எழுந்து, முகம் கழுவி, தலைமுடித்து, ஓட்டமும் நடையுமாய் வாயிலுக்கு விரையும் பெண்கள் கூட்டம் இன்றும் வந்தது. ஆனால் வாயிலுக்குள் ஒருத்தியும் நுழையவில்லை. தெருவின் மறுபக்கத்தில், மதிலை நோக்கி, தோளோடு தோள் நெருங்கி, ஒலியெழுப்பாமல் நின்றனர். அவர்களுக்குப் பின்னே ஊரும் நின்றது. யாவர்க்கும் முன்னே, சுவரின்றிக் கூரையின்றி, தெருவின் நட்டநடுவே, பூட்டப்பட்ட மரக்கதவு ஒன்று தனியே நின்றது.

அக்கதவு அங்கு வந்து நின்ற வகையைச் சொல்லவேண்டுமாயின், எரிந்துபோன மற்றொரு கதவைப்பற்றி முதலில் சொல்லவேண்டும்.

ஆலையில் கூடங்கள் இரண்டு. முன்கூடம் அகன்றது, ஒளி மிகுந்தது, தெருவை நோக்கிய பெருவாயில் உடையது. பின்கூடமோ தாழ்ந்த கூரையும் பஞ்சுத்தூசும் நிறைந்தது. இளம்பெண்கள் நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுவதும் சிறுதறி ஓட்டுவதும் அங்கேதான். இரு கூடங்களையும் இணைத்த இடைவழியை நெய்து முடித்த துணிப்பொதிகள் அடைத்துக்கொண்டமையால், பின்கூடத்தாருக்கு முற்றத்தை நோக்கிய ஒரே கதவுதான் வழி. தூசு நெஞ்சையடைக்கும்போது பெண்கள் அக்கதவின் வெளியே வந்து சிறிது மூச்சுவாங்குவர். அந்தச் சிறிது மூச்சும் ஆலைக்கு இழப்பாகும் என்று கண்ட மேலாளர், வேலை தொடங்கியதும் கதவை வெளிப்புறம் பூட்டிவிடும்படி வாயிற்காவலனுக்குக் கட்டளையிட்டார். அவனும் பூட்டினான். திறவுகோல் அவன் இடுப்பில் தொங்கியது. ஒருநாள் நண்பகலில் பஞ்சுக்கழிவில் தீப்பற்றியது. தீ அவிந்தபின் பின்கூடத்திலிருந்து ஒன்பது பெண்களின் உடல்களை எடுத்தனர். ஒன்பதும் கதவின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. அவற்றுள் ஒன்று ஓரத்தறியாளின் தங்கையுடையது.

தாய்தந்தையரை இழந்த அச்சிறியவள், அக்காளுக்கும் சாளரத்துக்காரனுக்கும் திருமணம் முடிந்த நாள்முதல் அவ்விருவரோடும் வாழ்ந்தவள். வாயிலை ஒட்டி ஆலை தந்த ஓரறை வீட்டில், கணவனும் மனைவியும் ஊடும்போது, அண்டையார் அறியாமலிருக்க இதழ்களாலேயே சண்டையிடுவர். இடையே அமர்ந்து, பந்தாட்டம் பார்ப்பவள் போல இருமுகங்களையும் மாறி மாறிப் பார்த்து, யார் வென்றார் என்று தீர்ப்புரைப்பது அவள் வேலை. "உங்க அக்கா சத்தமில்லாம திட்டுறா, பக்கத்து வீட்டுல போய்ச் சாட்சிக்கு யாரக் கூப்பிடுவேன்?" என்று அவன் புலம்புவான். "நான் இருக்கேனே அத்தான், எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்," என்பாள் அவள். அந்த வீட்டில் மிகுதியாகக் குரலெடுத்துப் பேசியவள் அவளே. அவள் போனபின் வீடு தறி நின்ற கூடம் போலாயிற்று.

தீப்பற்றிய அன்று மாலை அவன் வலக்கையைத் துணியால் சுற்றிக்கொண்டு வந்தான். உடல்கள் கிடத்தியிருந்த முற்றத்திலிருந்து அப்பொழுதுதான் திரும்பிய அவள், நீர் எடுத்துவந்து, அத்துணியைப் பிரித்தாள். உள்ளங்கை வெந்திருந்தது. "பொதி தூக்கும்போது சுட்டுடுச்சு," என்றான் அவன், முகத்தை வேறுபக்கம் திருப்பியவாறு. ஆயிரம் இழைகளுள் ஓரிழை பிசகினாலும் கண்டுகொள்ளும் நெசவுக்காரியின் கண் அவளுடையது. அந்த வெந்த தோலின் நடுவே, விரலால் பற்றும் வளையம், அதிலிருந்து நீளும் தண்டு, வரைந்து வைத்தாற்போலத் திறவுகோலின் வடிவம் செவ்வனே பதிந்திருந்தது. இடுப்பில் தொங்கும் திறவுகோல் அவ்வாறு கொதிப்பதில்லை. எரிகின்ற கதவின் பூட்டில் செருகியிருந்தால் மட்டுமே கொதிக்கும். கதவு பூட்டியிருந்தது, அவன் திறக்க வந்தான், காலம் கடந்து வந்தான். இம்மூன்றையும் அவள் அந்தக் கையிலேயே படித்துவிட்டாள். அவன் ஏன் காலம் கடந்து வந்தான் என்பதை முற்றம் சொல்லியது: அங்கே அடுக்கியிருந்த துணிப்பொதிகள் ஒன்றின்மேலும் கரி படியவில்லை. 'முதலில் பொதி, பிறகு கதவு' என்று எவரோ சொல்ல, எவரோ கேட்டு நடந்திருக்கிறார்.

அவள் மருந்திட்டாள். வேறு துணி சுற்றினாள். கேட்கவேண்டிய கேள்வி நெஞ்சிலிருந்து தொண்டைக்கு ஏறி, தொண்டையிலிருந்து இதழுக்கு வந்து, அங்கேயே அவிந்தது. கேட்டால் அவன் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் அதை ஊருக்கும் சொல்லும்படி அவள் இரக்கவேண்டும். ஊருக்குச் சொன்னால், பூட்டச் சொன்னவனுக்கு முன்னே பூட்டிய கையைத்தான் சிறை பற்றும். தங்கையைத் தீயிடம் கொடுத்தவள், கணவனைச் சிறையிடம் கொடுக்கத் துணியவில்லை. உறக்கத்தில் அவன் இதழ்கள் ஒலியின்றி அசையும் இரவுகளில், அவை என்ன சொல்லுகின்றன என்று ஒரு நொடியில் கண்டுகொள்ளக்கூடிய அவள், காணாமலிருக்கும்பொருட்டுச் சுவரை நோக்கிப் புரண்டு படுத்துக்கொள்வாள்.

நடந்ததை உசாவி அறிய அரசினர் ஒரு மன்றத்தை அமர்த்தினர். கதவு பூட்டப்படவே இல்லை என்றும், வேலைக்குச் சோம்பி உறங்குவதற்காகப் பெண்களே உட்புறம் தாழிட்டுக்கொண்டனர் என்றும் மேலாளர் அங்கே உரைத்தார். வாயிற்காவலனை அழைத்துக் கேட்டபொழுது, துணி சுற்றிய கையை முதுகுக்குப் பின்னே மறைத்தபடி, "கதவு திறந்துதான் இருந்துச்சு," என்றான். பின்கூடத்திலிருந்து உயிரோடு மீண்டவள் ஒருத்தியே. சுவரின் உச்சியிலிருந்த காற்றுத்துளை வழியே நுழைந்து வீழ்ந்த தார்சுற்றும் பெண். புகை அவள் குரல்வளையைத் தின்றுவிட்டிருந்தது. மன்றத்தின் முன் நின்று அவள் நிகழ்ந்தவை யாவற்றையும் இதழ்களால் சொன்னாள். கதவை அறைந்ததைச் சொன்னாள், கூவியதைச் சொன்னாள், முன்கூடத்துத் தறிகள் ஓடிக்கொண்டே இருந்தமையால் எங்கள் கூவல் எவர்க்கும் கேட்கவில்லை என்று சொன்னாள். நெசவுப் பெண்கள் அனைவரும் அதைக் கண்ணால் கேட்டுக் கண்ணீர் வடித்தனர். ஆய்வு செய்யும் அலுவலரோ சிறிதுநேரம் காத்திருந்து, சாட்சி ஒன்றும் பேசவில்லை என்று எழுதும்படி பணித்தார். அவள் சொல்லுக்கு நாங்கள் குரல் கொடுக்கிறோம் என்று பெண்கள் எழுந்தனர். நீங்கள் ஒருபக்கத்தார், உங்கள் குரல் செல்லாது என்று அவர் அமர்த்திவிட்டார்.

அன்று மன்றத்தை விட்டு வெளியேறியவர்கள் மறுநாள் வேலைக்குச் செல்லவில்லை. கதவுகள் பூட்டப்படா என்ற உறுதியும், பூட்டச் சொன்னவர் இன்னார் என்ற உண்மையும் கிடைக்கும்வரை தறியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து தெருவில் நின்றனர். கரியாகிப்போன அப்பழைய கதவு இன்னும் முற்றத்தில் கிடந்தது. அதன் பூட்டிலிருந்து நீண்ட நாக்கு, பூட்டிய நிலையிலேயே இறுகி நின்றது. அதை அப்புறப்படுத்த வண்டி வரப்போகிறது என்ற செய்தி கசிந்தபொழுது, வண்டிச் சக்கரத்தின் முன் படுத்துத் தடுப்பது என்று பெண்கள் தமக்குள் பேசி முடித்தனர். சுற்றிலும் காவலர் செவிகளைத் தீட்டிக்கொண்டு நின்றமையால், இதழ்களாலேயே பேசினர். தங்கள் பேச்சைத் தாங்களேயன்றி எவரும் அறியார் என்று மகிழ்ந்தும் கொண்டனர். தெருவுக்கு எதிரே, வாயிலறைச் சாளரத்தில், தங்களுள் ஒருவனாகவே அவர்கள் எண்ணிப் பழகிய ஒருவன் அமர்ந்திருந்ததை மறந்துவிட்டனர். அவனருகில் மேலாளர் நின்றார். "என்ன பேசிக்கிறாங்க அவங்க?" என்று கேட்டார்.

அவன் சொல்லிவிட்டான்.

அன்று மாலை, பல நாளாய் அவிந்துகிடந்த புகைபோக்கியிலிருந்து சிறிதளவு புகை எழுந்தது. ஓடாத ஆலையின் உலையில் எது எரிகின்றது என்று தெருவில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி ஓரத்தறியாளைக் கண்டு, குரலைச் சிறிதும் உயர்த்தாமல், "உன் வீட்டுக்காரருக்குக் கண்ணு ரொம்ப நல்லா கேக்குது," என்றாள். அதற்குமேல் அவளை எவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ஆலைவாயிலில் முழக்கமிடுவோர் சிறைப்படுவர் என்ற ஆணை பிறந்தது அதன் பிறகுதான். அவ்வாணையால் நெசவுப் பெண்களுக்கு என்ன குறை? அவர்கள் குரலின்றியே முழங்கினர். ஒவ்வொரு காலையும் சங்கு ஊதி ஓய்ந்ததும், நூறு வாய்கள் ஒருங்கே திறந்து, 'பூட்டச் சொன்னது யார்?' என்று ஒலியின்றி வினவின. மூன்றாம் நாள் அந்த வரிசையில் முடிதிருத்துபவர் வந்து சேர்ந்தார். அவருக்கு இதழ்ப்பேச்சு வாராது. ஆயினும் தம் கடையின் பெரிய கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டு, கடைக்கு வந்தவர்களுக்கும் பழக்கினார். நுரை பூசிய முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தபடி வாயைத் திறந்து திறந்து மூடும் ஆடவர்களைத் தெருவில் போவோர் எட்டிப் பார்த்துச் சிரித்தனர். மேலாளர் அக்கடைக்கு வந்த நாளெல்லாம் கத்தி மழுங்கியிருந்தது. வந்து வந்து ஏமாந்து திரும்பிய மேலாளரின் தாடி வளர்ந்ததுகண்டு ஊர் நகைத்தது. அடுமனைக்காரர் விடியற்காலையில் வெந்த முதல் ஈட்டு ரொட்டியைக் கடைக்கு அனுப்பாமல் தெருவில் நிற்போர்க்கு அனுப்பினார். சலவைக்காரர் ஆலை அலுவலரின் உடைகளை மூட்டை பிரிக்காமலே திருப்பினார். வண்டிக்காரர்கள் பொதிகளை ஏற்ற மறுத்து, குதிரைகளுக்கு ஒரே நேரத்தில் கால்நோய் வந்துவிட்டதாகக் கூறினர். மருத்துவமனைச் செவிலி, முறை முடிந்ததும் வீட்டுக்குச் செல்லாமல், வெயிலில் மயங்கி விழுவோரைத் தாங்கிப் பிடித்தாள். இவர்களுள் எவரும் மேடையேறியவர் அல்லர். தம் தொழிலில் எதைக் கொடுக்க இயலுமோ அதைக் கொடுத்தனர், எதை மறுக்க இயலுமோ அதை மறுத்தனர். வாயசைப்பவரை எந்தச் சட்டத்தால் பற்றுவது என்றறியாமல் விழித்த காவலர் ஒருவர், "என்னய்யா பண்றீங்க எல்லாரும்?" என்று முடிதிருத்துபவரை அதட்டினார். "கொட்டாவிங்க ஐயா. ராத்திரி தூக்கமில்ல," என்றார் அவர்.

ஓரத்தறியாளும் நாள்தோறும் அவ்வரிசையில் நின்றாள், கடைக்கோடியில் நின்றாள். எல்லா வாய்களும் திறக்கும்பொழுது அவள் வாய் மட்டும் திறவாது. விடை தெரிந்தவளுக்கு வினா எங்ஙனம் வரும்? தார்சுற்றும் பெண் அதைக் கண்டும் காணாதவளாய் இருந்தாள். ஓரத்தறியாள் செய்யக்கூடியதாக ஒன்றே இருந்தது: ஆலைக்குள்ளிருந்த குழாயறையின் நீரைக் குடங்குடமாய்ப் பிடித்து, தன் வீட்டின் பின்சாளரம் வழியே தெருவில் நின்றோர்க்குக் கொடுத்தாள். அதை மேலாளர் அறிந்தால் வீடு போகும். குழாயறையின் பூட்டும் கணவன் பொறுப்பிலேயே இருந்தது. முதல் நாள் அவள் அஞ்சியஞ்சிச் சென்று பார்த்தபொழுது, அறை பூட்டாமல் கிடந்தது. மறுநாளும் கிடந்தது. அதைப்பற்றி அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆயினும் அன்று மாலை மருந்திடும்பொழுது அவள் விரல்கள் சிறிது மெதுவாக இயங்கின. அவன் கண்கள் கலங்கின.

அந்நாட்களில்தான் ஊர்த் தச்சர் தாம் செய்த கதவைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். பின்கூடத்துக் கதவின் உயரமும் அகலமும் கொண்ட கதவு, கனத்த பலகை, இருபுறமும் முட்டுக்கால், வெளிப்புறம் பெரிய பூட்டு. பொழுது சாய்வதற்குள் காவலர் அதை உடைத்து அள்ளிச் சென்றனர். இரண்டு நாள் கழித்து மற்றொன்று வந்து நின்றது. அதையும் அள்ளினர். மூன்றாவதும் வந்தது. பட்டறையில் விற்பனைக்கு வைத்திருந்த மரமெல்லாம் தீர்ந்து, தம் வீட்டுக் கட்டிலைப் பிரித்துச் செய்தது அது என்று ஊரார் பேசிக்கொண்டனர். நீர்க்குடத்தை அவர் கையில் நீட்டியபடி ஓரத்தறியாள் கேட்டாள்:

"உங்க வீட்டுல யாரும் சாகலையேண்ணே. நீங்க ஏன் இவ்வளவு பாடுபடுறீங்க?"

தச்சர் நீரைக் குடித்து முடித்து, குடத்தைத் துடைத்துக் கொடுத்தார். "என் பொண்ணு அடுத்த மாசம் வேலைக்குச் சேர்றதா இருந்துச்சும்மா," என்றார். "அதே கூடம்."

பிறகு உளியை எடுத்துக்கொண்டு முட்டுக்காலைச் சரிசெய்யக் குனிந்துவிட்டார். அவள் வெற்றுக்குடத்தோடு நெடுநேரம் அங்கேயே நின்றாள். தன் வீட்டுத் துயரம் தன் வீட்டோடு முடிந்துவிட்டதாக அவள் அதுவரை எண்ணியிருந்தாள். இறந்தவள் இறந்துவிட்டாள், இருப்பவனையாவது காப்போம் என்று தன் வாயைத் தானே தாழிட்டிருந்தாள். அவள் அறியாத ஒரு பெண், அவள் முகம் காணாத ஒரு சிறுமி, அடுத்த மாதம் அந்தக் கூடத்தில் தார் சுற்ற நின்றிருக்கக் கூடும். அவளையும் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கக் கூடும். தாழிட்ட தன் வாயே அவளைப் பூட்டும் பூட்டாகக் கூடும்.

இவ்வாறு வந்து சேர்ந்ததுதான் நாம் தொடக்கத்தில் கண்ட காலை. மன்றம் கலைவதற்கு முந்திய நாள் அது. மறுநாள் வாயிற்காவலன் இறுதியாக ஒருமுறை அழைக்கப்படுவான்; அவன் முன்பு சொன்னதையே சொன்னால், ஒன்பது பெண்களும் தம் சாவைத் தாமே தாழிட்டுக்கொண்டவர்கள் என்று எழுதி முடித்துவிடுவர். பழைய கதவு உலையில் சாம்பலாகிவிட்டது. மீண்டவளின் சொல் ஒலியில்லாமையால் இல்லாமற் போயிற்று. இனி இவ்வுலகில் எஞ்சிய சான்று அவன் உள்ளங்கை ஒன்றே. அதுவும் ஆறிக்கொண்டிருந்தது. நாள்தோறும் தான் இட்ட மருந்தே அச்சான்றை அழித்துக்கொண்டிருப்பதை அன்று காலை துணி மாற்றும்பொழுது அவள் கண்டாள். வளையத்தின் விளிம்பு மங்கியிருந்தது. மருந்துக் கிண்ணத்தை எடுத்தவள், அப்படியே மூடி வைத்துவிட்டு, துணியை மட்டும் சுற்றினாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் இதழ்கள் பிரிந்தன. ஆனால் சங்கு ஊதவே, அவன் எழுந்து வாயிலறைக்குச் சென்றுவிட்டான்.

தெருவில் நூறு வாய்கள் வழக்கம்போல் திறந்து மூடின. மேலாளர், சரியாக மழிக்கப்படாத முகத்தோடு, வாயிலறையின் முன் வந்து நின்றார். காவலர் எத்தனை முறை அள்ளினாலும் இந்தக் கதவு முளைத்துக்கொண்டே இருக்கிறது என்றும், இம்முறை ஆலையின் ஆளே, இவர்கள் கண்ணெதிரே, விறகாகப் பிளக்கட்டும் என்றும் கூறி, சாளரத்துக்காரன் கையில் கோடரியைக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான். அவன் எதையும் வாங்கிக்கொள்ளப் பழகியவன். திறவுகோலை வாங்கிக்கொண்டான், பொதிகளை வாங்கிக்கொண்டான், சொல்லச் சொன்ன சொல்லையும் வாங்கிக்கொண்டான். துணி சுற்றிய கையால் கோடரிக்காம்பைப் பற்றியபடி, தெருவைக் கடந்து, பூட்டிய கதவின் முன் வந்து நின்றான். கூட்டம் அசையவில்லை. தச்சர் தம் கைகளைக் கட்டிக்கொண்டார். எவர் வாயிலிருந்தாவது ஓர் ஒலி எழும்பாதா, எழும்பினால் பற்றலாமே என்று காவலர் கூர்ந்து காத்திருந்தனர்.

ஓரத்தறியாள் வரிசையின் கடைக்கோடியிலிருந்து நடந்து வந்தாள். கணவன் அவளைக் கண்டு, கோடரியைச் சிறிது தாழ்த்தி, அந்நாளில் சாளரத்துக்கு வெளியே நின்று பேசியதைப் போலவே இதழ்களை மட்டும் அசைத்து, வீட்டுக்குப் போ என்றான். அவள் நிற்கவில்லை. முட்டுக்காலைச் சுற்றிக் கதவின் மறுபுறம் சென்றுவிட்டாள். இப்பொழுது அவனுக்கு அவள் முகம் தெரியவில்லை. கதவின் அடியே, தூசு படிந்த அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. இத்தனை ஆண்டுகளாய் அவ்விருவரையும் இணைத்த இதழ்ப்பேச்சுக்கு, பூட்டிய கதவின் முன் இடமில்லை. முகம் காணாத இடத்தில் குரல் ஒன்றே செல்லும். அக்குரலும் கேட்காமற் போனதன் பெயர்தான் தீப்பற்றிய அந்த நண்பகல்.

கதவின் உட்புறத்தை அவள் உள்ளங்கையால் தட்டினாள். ஒருமுறை, சிறிது பொறுத்து மறுமுறை. அந்த ஓசை கேட்டதும் அவன் முகம் சாம்பல் பூத்தது. கோடரி அவன் கையிலிருந்து நழுவித் தெருக்கல்லில் விழுந்தது. முன்வரிசையில் நின்ற தார்சுற்றும் பெண் கண்களை இறுக மூடிக்கொண்டாள். காவலர் இருவர் கதவின் மறுபுறத்தை நோக்கி அடியெடுத்து வைத்தனர். மேலாளர் ஏதோ சொன்னார். அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஓடும் தறி ஒன்றும் இல்லாத அந்த ஊரில், மூடுபனி மெல்ல விலகிக்கொண்டிருந்த அத்தெருவில், ஓர் இழை அறுந்தாலும் கேட்கக்கூடிய அமைதி நிலவியது. நெடுநாள் குரலுயர்த்திப் பேசாதிருந்தமையால் கரகரத்த குரலில், உரக்க, எல்லோரும் கேட்க, அவள் பேசினாள்.

"என்னங்க, நான்தான். இந்தப் பக்கம் நிக்கிறேன். அன்னிக்கு உள்ள தட்டுனது உங்க காதுல விழல. இன்னிக்கு எந்தத் தறியும் ஓடல, விழும். உங்க கைய நான் பார்த்தேங்க, முத நாளே பார்த்தேன். உங்கள உள்ள தூக்கி வெச்சிடுவாங்கன்னு பயந்து வாயத் தொறக்காம இருந்துட்டேன். இனிமே என்னால முடியாது. நாளைக்கு அந்தத் துணிய அவுத்துட்டுப் போய், கைய விரிச்சுக் காட்டி, பூட்டச் சொன்னது யாருன்னு சொல்லிடுங்க."